உஷார்! காசு வாங்கிக்கொண்டு கருணை கற்றுத் தருகிறார்கள்

“மூன்றே நாள் பயிற்சி. சர்வதேசச் சான்றிதழ். முடித்ததும் ஐ.நா.விலோ வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்திலோ வேலை. இடங்கள் குறைவு, இன்றே முற்பணம் கட்டுங்கள்.”

இப்படியொரு செய்தி வட்ஸ்அப்பில் வந்தால், வீட்டில் ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையும் இருந்தால், முதலில் அந்தப் போனை வாங்கி வையுங்கள். காசு போன பிறகு கத்தி என்ன பயன்?

புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரருக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 1991இல் இராணுவம் புங்குடுதீவைக் கைப்பற்றியபோது ஊரே எழும்பிப் போனது. திரும்பி வராதவர்கள்தான் அதிகம். நிவாரண அரிசிக்கும் தறப்பாளுக்கும் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு, இடர் வந்த இடத்தில் போய் உதவவேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. நல்ல ஆசையும்கூட. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கனடாவிலோ சுவிஸிலோ ஒரு சித்தப்பாவோ மாமியோ இருப்பார் என்பது மோசடிக்காரனுக்கும் தெரியும். “படிப்புக்குத்தானே” என்று அங்கிருந்து ஒரே நாளில் காசு வந்துவிடும். அனுப்புகிறவருக்கு விசாரிக்க நேரமில்லை. வாங்குகிறவருக்கு விசாரிக்க மனமில்லை.

ஐக்கிய நாடுகள் சபை ஆட்களைச் சேர்க்கும்போது விண்ணப்பத்துக்கோ நேர்முகத்துக்கோ பயிற்சிக்கோ ஒரு சதமும் வாங்குவதில்லை. அதன் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியான ‘பீசேஃப்’ இணையத்தில் இலவசம். ‘டிசாஸ்டர்ரெடி’, ‘காயா’ ஆகிய தளங்களிலும் மனிதாபிமானப் பணிக்கான அறிமுகப் பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, சான்றிதழோடு. அந்தப் பாடங்களையே இறக்கி, அட்டை போட்டு உங்களுக்கு விற்றாலும் கண்டுபிடிக்கமாட்டீர்கள். கட்டணம் வாங்குகிறவர்கள் எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகக் கற்பித்துக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் வேலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. பயிற்சியையும் வேலையையும் ஒரே ரசீதில் விற்கிறவனைத்தான் நம்பக்கூடாது. தனிநபர் வங்கிக் கணக்கு இலக்கமும், “கடவுச்சீட்டை இங்கே விட்டுவிட்டுப் போங்கள்” என்ற பேச்சும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

காசோடு போனால் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும். சண்டைக்குப் போகவேண்டியதில்லை, பின்னணியில் உதவி வேலைதான் என்ற வாக்கை நம்பி ரஷ்யாவுக்குப் போன இலங்கையர் போர்முனையில் நிறுத்தப்பட்ட கதை 2024இல் நாடெங்கும் பேசப்பட்டது. கணினி வேலை என்று போய் மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டவர்களும் நம் நாட்டவர்தான். “யுத்த வலயத்தில் நிவாரணப் பணி, நல்ல சம்பளம்” என்று அடுத்த தூண்டில் வர எவ்வளவு நேரமாகும்? வெளிநாடு என்ற பேச்சு எழுந்தாலே 1989 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து, அனுப்புகிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உண்டா என்று கேளுங்கள்.

சரி, உண்மையான அறிமுகப் பயிற்சியில் என்னதான் இருக்கும்? பெரும்பாலும் கணக்கு. மனிதாபிமானப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் ‘ஸ்பியர்’ கைநூல், இடரில் சிக்கிய ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்கிறது. 20 பேருக்கு ஒரு மலசலகூடம். 10,000 லீற்றர் பவுசர் ஒன்று முகாமுக்கு வந்தால் 666 பேருக்கு ஒரு நாள் போதும். அங்கே 900 பேர் இருந்தால் யாருக்குக் குறைப்பது, அதை யார் முடிவெடுப்பது, முடிவை எப்படிச் சொல்வது? உவர்க் கிணறும் பவுசர் வரிசையும் பார்த்து வளர்ந்த புங்குடுதீவுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கின் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். மிச்சத்துக்கு இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்பு, சாரதி அனுமதிப்பத்திரம், கணக்குப் பதிவு, கொஞ்சம் சிங்களம் ஆகியவை போதும். பளபளக்கும் சான்றிதழைவிட இவைதான் வேலை வாங்கித் தரும்.

விளம்பரத்தில் வராத ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது. 2006 ஓகஸ்ட் 4 அன்று மூதூரில், பட்டினிக்கு எதிராகப் பணியாற்றும் பிரெஞ்சு நிறுவனமொன்றின் 17 பணியாளர்கள் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமிக்குப் பின்னான குடிநீர், சுகாதார வேலைகளுக்காகப் போனவர்கள். சண்டை சூழ்ந்தபோது அலுவலகத்தைவிட்டு வெளியேற வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உடலில் நிறுவனத்தின் ரீசேர்ட் இருந்தது, அது காக்கவில்லை. இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. 2008 செப்டம்பரில் போர் நடந்த வன்னியைவிட்டுத் தொண்டு நிறுவனங்கள் வெளியேறும்படி அரசு சொன்னபோது சர்வதேசப் பணியாளர்கள் வாகனம் ஏறினார்கள். உள்ளூர்ப் பணியாளர் பலர் குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். 2024இல் உலகெங்கும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொல்கிறது. அவர்களிலும் பெரும்பாலானோர் அந்தந்த நாட்டுக்காரர்களே.

ஆகவே தம்பி, தங்கச்சி, சம்பளத்தைக் கேட்க முன்னர் இவற்றைக் கேளுங்கள். நிலைமை மோசமானால் ‘புறப்படு’ என்று யார் சொல்வார்? வெள்ளைக்காரருக்கு ஒதுக்கிய வாகனத்தில் எனக்கும் இடமுண்டா? காப்புறுதி என் பெயரிலா, எவ்வளவுக்கு? எனக்கு ஏதும் நடந்தால் அம்மாவுக்கு யார் போன் எடுப்பார்கள்? “அதெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்று பதில் வந்தால், காசையும் கடவுச்சீட்டையும் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் அடுத்த குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.