எங்கே எழுதியிருக்கிறது, காட்டு!

தலைநகர் டில்லிக்குப் பிழைப்புக்காக வந்து இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒரு தாய், சென்ற குளிர்காலத்தில் தம் மனக்குறையை என்னிடம் பகிர்ந்துகொண்டார்கள். நான்கு வீடுகளில் வேலை செய்து, மகனை ஆங்கில வழிப் பள்ளியில் படிக்க வைத்தவர்கள் அவர்கள். மகன் அப்போது பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வின் ஆங்கில விடைத்தாளில், பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதியில் 20க்கு 7 மதிப்பெண்தான் பெற்றிருந்தான்.

"என்ன படிக்கிறாய் என்று கேட்டால், 'உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே அம்மா' என்கிறான், பிரதர். அதன்பின் நான் கேட்பதையே விட்டுவிட்டேன்" என்றார்கள். அவர்களுடைய வேதனை மதிப்பெண்ணைக் குறித்தது மாத்திரமல்ல. தாய் கேட்பதை நிறுத்திவிட்ட வீட்டில், மகன் சொல்வதையும் நிறுத்திவிடுகிறான் அல்லவா?

அன்பான பெற்றோரே, இதே நிலையில் இருக்கிறவர்கள் நம்மில் அநேகர். ஆங்கிலம் அறியாத பெற்றோராலும் இந்தப் பாடத்தில் உதவ முடியும்.

மனப்பாடம் கைகொடுக்காத பகுதி

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு 80 மதிப்பெண்களுக்கு எழுதப்படுகிறது. மீதி 20 பள்ளியின் அகமதிப்பீடு. எழுத மூன்று மணி நேரமும், அதற்கு முன் வினாத்தாளை வாசிக்க 15 நிமிடமும் உண்டு. அண்மை ஆண்டுகளின் வினாத்தாள்களில், முன்பின் பார்த்திராத பத்திகளைப் படித்து விடையளிக்க 20 மதிப்பெண்ணும், கடிதமும் பத்தியும் எழுத 10 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த 30 மதிப்பெண்ணுக்கு உரிய விடைகள் எந்தக் கைடிலும் இல்லை. பழக்கத்தினால் மட்டுமே இவை கைவரும்.

படித்தறிதல்

அமெரிக்க உளவியல் பேராசிரியர் பிரான்சிஸ் ராபின்சன் 1940களில் ஒரு வாசிப்பு முறையை வகுத்தார். முதலில் மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, கவனமாகப் படி, படித்ததைப் பார்க்காமல் சொல், மறுபடியும் சரிபார் என்னும் ஐந்து படிகள் அதில் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் மூன்றாவது படியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

தேர்வுக்கு இதை இவ்வாறு பயன்படுத்தலாம். முதலில் பத்தியை ஒருமுறை வேகமாக வாசித்து, எதைப் பற்றியது என்று அறிய வேண்டும். பிறகு கேள்விகளைப் படிக்க வேண்டும். மூன்றாவதாக, விடை இருக்கும் வரியைத் தேடிப் பென்சிலால் அடிக்கோடிட வேண்டும்.

கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். ஓர் உதாரணத்தைப் பாருங்கள். "ஊர்க் கிணறு வற்றிவிட்டது. சிறுமிகள் மூன்று கிலோமீட்டர் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். இதனால் பலர் பள்ளியை விட்டு நின்றார்கள்." எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பது நேர்க்கேள்வி, விடை வரியிலேயே இருக்கிறது. "இதனால்" என்னும் சொல் எதைக் குறிக்கிறது என்பது இரண்டாம் வகை. விடைக்கு முந்தின வரிக்குத் திரும்ப வேண்டும். ஊரில் குழாய் வந்தால் யாருக்கு அதிக நன்மை என்பது மூன்றாம் வகை. விடை நேரடியாக எழுதப்படவில்லை, ஆனாலும் பத்தியிலிருந்தே ஊகிக்க வேண்டும். பிள்ளைகள் இங்கே தம் சொந்தக் கருத்தை எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

எழுதுதல்

எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் குறிப்பெடுப்பது வீணான நேரமல்ல. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. முதல் வாக்கியம் அதைச் சொல்ல, அடுத்தவை காரணமோ உதாரணமோ தர வேண்டும். அலுவலகக் கடிதத்தில் அனுப்புநர் முகவரி, தேதி, பெறுநர், பொருள் ஆகியவை தத்தம் இடத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தையோ அட்டவணையையோ விளக்கும் பத்தியில், அது காட்டுவதை மாத்திரம் எழுத வேண்டும். மிக அதிகம் எது, மிகக் குறைவு எது, எது கூடியது, எது குறைந்தது என்று ஒப்பிட்டுச் சொன்னால் போதுமானது.

நம் பிள்ளைகளுக்கென்றே சில தவறுகள் உண்டு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பின்னே வரும். 'ஏ', 'ஆன்', 'தி' போன்ற சுட்டுச் சொற்கள் தமிழில் இல்லாததால் அவற்றை விட்டுவிடுகிறார்கள். 'ஹி கோஸ்' என்பது 'ஹி கோ' என்றாகிறது. 'டிஸ்கஸ்' என்பதோடு தேவையில்லாத 'அபவுட்' சேர்கிறது. ஆசிரியர் திருத்தித் தந்த பழைய கட்டுரைகளை எடுத்து, இத்தகைய பிழைகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தப் பிழைகளை மாத்திரம் தேடித் திருத்தினாலே விடைத்தாள் சீர்ப்படும்.

பெற்றோர் செய்யக்கூடியது

கனடா நாட்டுக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஒரு மொழியில் வளர்ந்த வாசிப்புத் திறனும் சிந்தனைத் திறனும் மற்ற மொழிக்கும் உதவும் என்று எடுத்துரைத்தார். அந்த மற்ற மொழியோடு போதிய பழக்கமும், கற்கும் ஊக்கமும் இருக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். ஆகவே வீட்டில் தமிழ் பேசுவது ஆங்கிலத்துக்குத் தடை என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை.

வாரத்தில் மூன்று நாள், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளையை ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்கள். பின்பு புத்தகத்தை மூடி, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கோர்வையாகச் சொல்ல முடியவில்லை என்றால், பத்தி இன்னும் விளங்கவில்லை என்று பொருள். விடை எழுதி முடித்ததும், "இது எங்கே எழுதியிருக்கிறது? விரலை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். இதைக் கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

அந்தத் தாயிடமும் இதையே சொன்னேன். முதல் நாள் மகன் எரிச்சலடைந்தானாம். இரண்டாம் வாரத்தில் ஒரு விடைக்கு விரல் வைக்க இடம் கிடைக்காமல், தானாகவே அதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினானாம். பொதுத்தேர்வுக்கு முன் நடந்த மாதிரித் தேர்வில் அதே பகுதியில் 13 மதிப்பெண் வந்தது. பெரிய மதிப்பெண் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாய் மகிழ்ச்சியோடு சொன்னது வேறொன்று:

"இப்போது நான் வேலை முடிந்து வர நேரமானால், 'அம்மா, இன்றைக்குக் கதை கேட்கவில்லையா?' என்று அவனே கேட்கிறான், பிரதர்."