குக்கரைத் திருப்பிப் போட்டால் வேக்யூம் சீலர்

குக்கரில் கேஸ்கட் லூஸாகிவிட்டால் விசில் வராது, ஆவி ஓரமாகக் கசியும். உணவுப் பையின் காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் வேக்யூம் சீலரும் அப்படியொரு ரப்பர் வளையத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் அழுத்தும் திசை நேர்மாறு. குக்கரில் ஆவி சேர்ந்து, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கூடுதல் அழுத்தத்தோடு உள்ளிருந்து வெளியே தள்ளும். சீலரில் சின்ன பம்ப் ஒன்று பையிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிட, வெளிக்காற்று பையை உள்நோக்கி அமுக்கும். உள்ளே போட்ட முந்திரியின் ஒவ்வொரு வளைவிலும் பை ஒட்டிக்கொள்வது அதனால்தான். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அந்த அழுத்தம் 1 கிலோ சொச்சத்தைத் தாண்டாது. சுற்றியிருக்கும் காற்றுக்கு இருக்கும் பலமே அவ்வளவுதான்.

மெஷின் பெட்டியில் ‘-80 கேபிஏ’ (கிலோபாஸ்கல், அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருந்தால், காற்றில் ஐந்தில் நான்கு பங்கை இழுக்கும், ஒரு பங்கு மிஞ்சும் என்று கணக்கு. ‘-60’ என்றால் இரண்டு பங்கு மிஞ்சும். வாங்கும்போது வாட் எண்ணிக்கையைவிட இதைப் பாருங்கள்.

சூடான குழம்பை ஏன் போடக்கூடாது என்பதற்கும் குக்கர்தான் விடை. அழுத்தம் கூடுவதால் குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி வரை போய்த்தான் கொதிக்கிறது. சீலரில் அழுத்தம் ஐந்தில் ஒன்றாக இறங்கினால் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த ஆவி பம்புக்குள் போகும், பையின் வாயையும் நனைக்கும். நனைந்த வாய் ஒட்டாது. குழம்பை ஆறவைத்து, டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் கட்டியாக்கி, அந்தக் கட்டியைப் பையில் போட்டு சீல் செய்யுங்கள். மாவுப் பொருளைக் காகித உறையில் சுற்றி உள்ளே வைத்தால் தூள் பம்புக்குப் போகாது. இட்லி மாவுக்கு இந்த வேலையே வேண்டாம். புளித்து வாயு விட்டுப் பை உப்பிவிடும்.

வீட்டு மெஷினுக்குச் சாதாரண பிளாஸ்டிக் கவர் சரிவராது. உறிஞ்சும்போது இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று ஒட்டி, காற்று போக வழி அடைத்துவிடும். அதற்கான பையைத் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் சொரசொரப்பாக, கட்டம் கட்டமாக இருக்கும். அந்தப் பள்ளங்களின் வழியாகத்தான் கடைசிக் காற்றும் வெளியேறுகிறது. வெளியடுக்கு நைலான், ஆக்சிஜனை எளிதில் உள்ளே விடாது. உள்ளடுக்கு பாலித்தீன், சூட்டுக் கம்பி பட்டதும் இளகி ஒட்டிக்கொள்ளும். வாயை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு நிரப்பினால் எண்ணெயும் ஈரமும் படாது. மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். பையையே உள்ளே வைத்து மூடும் சேம்பர் மெஷினுக்குச் சொரசொரப்புப் பை தேவையில்லை, ரசத்தைக்கூட சீல் செய்யும். ஆனால் கனமும் விலையும் ஒரு குடும்பத்துக்கு அதிகம். என்னைக் கேட்டால், உறிஞ்சுவதைப் பாதியில் நிறுத்தி உடனே சீல் போட பட்டன் உள்ள சாதாரண மெஷினே போதும்; முறுக்கு நொறுங்காமல் தப்புவது அந்த பட்டனால். பை ரோல் உங்கள் ஊரில் கிடைக்கிறதா, என்ன விலை என்று முதலிலேயே விசாரியுங்கள். மெஷின் ஒருமுறைச் செலவு, பை தொடர்செலவு.

குக்கரோடு ஒப்பிடுவது ஓரிடத்தில் ஆபத்தில் முடியும். குக்கர் சூட்டால் கிருமியைக் கொல்கிறது. சீலர் எதையும் கொல்வதில்லை, காற்றை மட்டும் எடுக்கிறது. காற்றில்லாத இடத்தில்தான் செழித்து நஞ்சு கக்கும் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டு. கெட்ட வாடையே இல்லாமலும் அந்த நஞ்சு இருக்கலாம். அரிசி, பருப்பு, முந்திரி போன்ற நன்றாகக் காய்ந்தவற்றை அலமாரியில் வைக்கலாம். சமைத்தது, மீன், இறைச்சி எல்லாம் சீல் செய்த பிறகும் ஃப்ரிட்ஜுக்கோ ஃப்ரீசருக்கோதான் போகவேண்டும். உரித்த பூண்டையும் காளானையும் பச்சையாக சீல் செய்யவே வேண்டாம்.

ஃப்ரீசரில் இதன் அருமை தெரியும். வஞ்சிரத் துண்டின் ஓரம் வெளிறிக் காய்ந்துபோவது, அதிலுள்ள பனி நேரடியாக ஆவியாகிக் காற்றில் கலப்பதால். பை ஒட்டியிருந்தால் ஆவி போக இடமில்லை. சமைக்க எடுக்கும்போது மட்டும், மீன் உருகத் தொடங்கும் முன்பே பையின் வாயை வெட்டித் திறந்து, தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக விடுங்கள்.