பவர் பிரஸ்ஸும் பத்து விரலும்

அம்பத்தூர் எஸ்டேட்டின் பல தெருக்களில் 'டம், டம்' என்று சீரான சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். 1964ல் தொடங்கிய அந்தப் பேட்டையிலும், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பட்டறைகளிலும் இரும்புத் தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைக்கும் பவர் பிரஸ்ஸின் சத்தம் அது. வாஷர், கதவுக் கீல், பைக்கின் செயின் கவர் என்று நாம் அன்றாடம் தொடும் எத்தனையோ பொருள்கள் இந்த எந்திரத்தில் பிறக்கின்றன.

பிரஸ்ஸின் பக்கவாட்டில் கனமான ஃப்ளைவீல் ஒன்றை மோட்டார் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் பெடலை மிதித்ததும் கிளட்ச் பிடிக்கிறது. சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் கிராங்க் வழியாக ராமைக் கீழே தள்ளுகிறது. ராமில் பூட்டிய பஞ்ச், அடியில் இருக்கும் டையைச் சந்திக்கும் இடத்தில் தகடு உருமாறுகிறது. 100 டன் பிரஸ் என்றால், அந்த இடத்தில் 100 டன் விசை வரை இறங்கும். தகட்டை வைக்கவும் எடுக்கவும் கை போகிற இடமும் அதுவேதான்.

அந்த இடத்தில் விரலைக் காப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கை உள்ளே போகவே முடியாதபடி செய்வது. டையைச் சுற்றிக் கம்பி வலையோ தகடோ அடித்து, தகடு நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விடுவார்கள். பட்டறையில் 'கார்டு' என்றாலே பெரும்பாலும் இதுதான். டை திறக்கும் இடைவெளியே 6 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டால் விரல் நுழைய வழியில்லை.

இரண்டாவது வழி, இரண்டு கைகளுக்கும் வெளியே வேலை கொடுப்பது. பெடலை எடுத்துவிட்டு, தள்ளித் தள்ளி இரண்டு பட்டன்களை வைப்பார்கள். இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ராம் இறங்கும். ஒன்றை விட்டாலும் நின்றுவிட வேண்டும். ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டு மற்றதை மட்டும் அழுத்தினால் ஓடாதபடி சர்க்யூட் அமைய வேண்டும். இது ஆபரேட்டரின் கைகளை மட்டுமே காக்கும். பக்கத்தில் நிற்கும் ஹெல்பரின் கையை அது அறியாது.

மூன்றாவது, லைட் கர்ட்டன். டைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வரிசையாகப் பாயும். கை குறுக்கிட்டால் ராம் நிற்கும். கர்ட்டனை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நீளும் என்று வைத்துக்கொள்வார்கள். ராம் நிற்க 0.2 நொடி ஆகுமானால், அதற்குள் கை 32 சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே கர்ட்டனுக்கும் டைக்கும் நடுவே அதைவிடக் கூடுதலான தூரம் வேண்டும். பிரேக் தேயத் தேய ராம் நிற்கும் நேரம் நீளும். நேற்றுப் போதுமாக இருந்த தூரம் நாளை போதாமல் போகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பிரஸ்கள் பலவற்றில் இருப்பது கீ கிளட்ச். ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்றும் முடியாமல் அது விடாது. அப்படிப்பட்ட பிரஸ்ஸில் விலை உயர்ந்த லைட் கர்ட்டனைப் பொருத்தினாலும், இறங்கத் தொடங்கிய ராம் நடுவில் நிற்காது. நடுவழியில் நிறுத்தக்கூடிய உராய்வு கிளட்ச்சும் பிரேக்கும் இருந்தால்தான் கர்ட்டனால் பயன்.

ஓடுகிற எந்திரத்தின் ஆபத்தான பாகத்தை உறுதியான தடுப்பால் மூடியே வைத்திருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவே விதித்தது. ஆனாலும் கார்டு கழன்றுவிடுகிறது. டை மாற்றக் கழற்றியதைத் திரும்பப் பூட்டுவதில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குக் கார்டு வேகத்தைக் குறைக்கிறது. விபத்து நடந்த பிறகு 'கவனக்குறைவு' என்று எழுதிவிடுவது எளிது. ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான முறை கையை நீட்டி எடுக்கும் மனிதர் ஒருமுறைகூட அசரக்கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் அசரும் நொடியிலும் காப்பதற்காகத்தான் கார்டு.

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் இழப்பு என்று வகுத்தது. ஸ்பேனர் பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் கட்டைவிரல் இல்லாதவர் படும் பாடு சதவீதத்தில் அடங்காது. ஸ்டான்லி மருத்துவமனையில் 1971ல் டாக்டர் ஆர். வேங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறை எத்தனையோ கைகளை மீட்டிருக்கிறது. ஆனால் நசுங்கிச் சிதைந்த விரலைத் திரும்ப ஒட்டுவது, ஒரே வெட்டாகத் துண்டான விரலை ஒட்டுவதைவிடக் கடினம். பிரஸ் பெரும்பாலும் நசுக்கவே செய்கிறது.

ஷிஃப்ட் தொடங்கும்போது சில நிமிடங்கள் போதும். கார்டின் போல்ட்டுகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா? ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் ராம் அசையாமல் இருக்கிறதா? கர்ட்டனுக்குள் சோதனைக் கம்பியை (கையை அல்ல) நீட்டினால் ராம் நிற்கிறதா? பிரஸ்ஸில் பொருத்தியிருக்கும் காவலுக்கு உரிய இந்தச் சோதனையில் குறை தெரிந்தால், 'இதை ஓட்ட மாட்டேன்' என்று சொல்லும் உரிமை ஆபரேட்டருக்கு வேண்டும். அப்படிச் சொன்னவரின் அன்றைய கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது.