பொறுப்புச் சங்கிலி (வடிவமைப்புப் பாங்கு)

பொறுப்புச் சங்கிலி என்பது பொருள்நோக்கு நிரலாக்கத்தில் பயன்படும் ஒரு வடிவமைப்புப் பாங்கு. எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994இல் வெளியிட்ட நூலில் உள்ள 23 பாங்குகளில் இதுவும் ஒன்று. கோரிக்கையை அனுப்பும் பொருளுக்கு, அதை முடித்துவைப்பது யார் எனத் தெரியவேண்டியதில்லை. ஒவ்வொரு கையாளியும் தன்னால் இயன்றால் முடிக்கும். இல்லையெனில் அடுத்ததற்கு அனுப்பிவிடும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் சாதிச் சான்றிதழ் கேட்பதை எடுத்துக்கொள்வோம். இ-சேவை மையத்தில் பதிந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரை அடைகிறது. பட்டியல் சாதியினருக்கு அவரே சான்று தருவார். மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்தார் அல்லர்) மனுவோ அவரைத் தாண்டிக் கோட்டாட்சியருக்குப் போகும். மனுதாரர் கொடுப்பது என்னவோ ஒரே இடத்தில்தான். கீழ்நிலை அலுவலர்களும் விசாரித்துக் குறிப்பெழுதுவதால் இது பாங்கின் தூய வடிவம் அன்று. வலைச் செயலிகளின் மிடில்வேர் அடுக்குக்கு நெருக்கமானது.

கோரிக்கை கையாளப்படும் என்ற உறுதி இல்லாததே இப்பாங்கின் பெரிய குறை. கடைசிக் கையாளியும் ஏற்காவிட்டால், பிழைச்செய்திகூட இல்லாமல் அது மறைந்துபோகலாம். கல்லூரிச் சேர்க்கைக்குக் காத்திருக்கும் மாணவருக்கு மறுப்பைவிட இந்த மௌனம் கொடியது; மறுப்பு கையில் இருந்தால் மேல்முறையீடாவது செய்யலாம். எனவே சங்கிலியின் முடிவில், எஞ்சியவற்றை ஏற்றுக் காரணத்தைப் பதிவுசெய்யும் கையாளி ஒன்றை வைக்கவேண்டும்.