கோடு கிழித்தால் சண்டை தீருமா?



ஒரே அறையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் பஞ்சாயத்து பண்ணும் அம்மாக்களில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

எங்களுடையது இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீடு. மூத்தவளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. சின்னவனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. இருவருக்கும் சேர்த்து பத்துக்குப் பத்து அறை ஒன்றைக் கொடுத்திருந்தோம். 'எங்க காலத்துல பட்டாசல்ல வரிசையா பாயை விரிச்சு ஏழு பேர் படுத்தோம், உங்களுக்குத் தனி ரூமே இருக்கு, இன்னும் என்ன குறை?' என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

போன கோடை விடுமுறையில் ஒரு நாள் மதியம் அறைக்குள் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், தரையின் நடுவே சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு! பெரியவள்தான் கிழித்திருக்கிறாள். ஜன்னலில் பாதி அவளுக்கு, பாதி அவனுக்கு. எல்லாம் சரி, ஃபேன் சுவிட்ச் மட்டும் அவள் பக்கம். அவன் வியர்த்து விறுவிறுத்து நிற்கிறான். "ஏல, கோட்டைத் தாண்டாத!" என்று இவள் ஸ்கேலை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இடம் பத்தாமல்தான் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். கடையில் பார்த்த இரண்டடுக்குக் கட்டில் ஞாபகத்துக்கு வந்தது. மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர், அறையும் காலியாகிவிடும். அதேபோல் செய்து தரச் சொல்லி, எங்களுக்குப் பழக்கமான ஆசாரியை வரவழைத்தேன். அவர் டேப்பை எடுக்கும் முன்பே அண்ணாந்து பார்த்தார்.

"யம்மா, ஃபேன் நடுவுல ஓடுதே. தம்பி மேல எந்திரிச்சு நின்னா தலை எங்க போகும்?"

பிறகு அளந்தே காட்டினார். தரையிலிருந்து ஃபேன் இறக்கை 9 அடிக்கும் கொஞ்சம் கீழே. மேல் தட்டு 5 அடி, மெத்தையோடு ஐந்தே கால். பையன் உயரம் 4 அடி. கூட்டிப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. கட்டிலைச் சுவரோரம் போட்டாலும் இவ்வளவு சின்ன அறையில் இறக்கை எட்டாத தூரம் கிடைக்காது. தலை தப்பினாலும், சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் போதுமே! அழகைப் பார்த்தேன், மேலே சுற்றுவதைப் பார்க்கவில்லை. பிறகு இதைப் பற்றிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 6 வயதுக்குக் குறைந்த குழந்தையை மேல் தட்டில் படுக்க வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் கட்டிலிலேயே எச்சரிக்கை ஒட்டி விற்க வேண்டுமாம்.

ஆசாரியே ஒரு யோசனை சொன்னார். பெரிய கட்டிலின் அடியில் சக்கரம் வைத்த தாழ்வான கட்டில் ஒன்று. ராத்திரி இழுத்துவிட்டால் சின்னவனுக்குப் படுக்கை, காலையில் உள்ளே தள்ளிவிட்டால் விளையாட இடம். கோடையில் மெத்தையை எடுத்துவிட்டு அதன்மேல் பத்தமடைப் பாயை விரித்துக்கொள்கிறான். கோரைப் பாய் என்பதால் முதுகுக்குக் குளிர்ச்சி.

கட்டில் வந்தது, இடமும் கிடைத்தது. சண்டை மட்டும் நிற்கவில்லை!

ஒரு நாள் நான் அறையை ஒழுங்கு பண்ணியபோது, பெரியவள் அலமாரியில் கிடந்த பழைய வாழ்த்து அட்டை, காய்ந்த இலை ஒட்டிய நோட்டு எல்லாவற்றையும் குப்பை என்று நினைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து தேடினாள். நான் சொன்னதும் கத்தவில்லை, அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

"என்னை ஆச்சி வீட்டுக்கே அனுப்பிரும்மா. அங்க என் டிரங்குப் பெட்டியை யாரும் தொறக்க மாட்டாங்க."

சகோதரிகளே, அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் அம்மா வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியை அவளுக்கென்று கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். என் வீட்டில் அவளுக்குப் பாதி அறை இருக்கிறது. ஆனால் தம்பியும் நானும் கை வைக்காத இடம் ஒரு சாண்கூட இல்லை. அவள் கோடு கிழித்தது இடத்துக்காக அல்ல, இதற்காகத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே அறையை மாற்றி அமைத்தேன். நான் செய்தவை இவைதான்:

* அலமாரியில் ஆளுக்கு ஒரு தட்டு. பெரியவள் தட்டுக்குப் பூட்டு வைத்த ஒரு மரப் பெட்டி, சாவி அவளிடமே. "எனக்கும் பூட்டு வேணும்" என்று அடம்பிடித்த சின்னவனுக்கு ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கோலிக்குண்டும் பம்பரமும். அவர்களைக் கேட்காமல் நானும் திறப்பதில்லை.

* படிக்கும் மேஜைகளை ஜன்னலின் இரு பக்கமும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துப் போட்டேன். எழுதும் கையின் நிழல் நோட்டில் விழக் கூடாது. வலது கையால் எழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வர வேண்டும். பெரியவள் இடது கைக்காரி, அவளுக்கு அதற்கு நேர்மாறு. இப்படிப் போட்டதில் இருவருக்கும் வெளிச்சம் சரியாக அமைந்தது. முதுகோடு முதுகு உட்காருவதால் "என் நோட்டைப் பார்க்கான்" என்ற புகாரும் இல்லை!

* வளரும் பெண், உடை மாற்ற மறைவு வேண்டாமா? பழைய சேலை ஒன்றைத் தைத்து, ஒரு மூலையில் திரையாகப் போட்டேன். கயிறு தலைக்கு மேலே, நுனி தொங்காதபடி இருக்கட்டும். சின்னக் குழந்தை கழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

* பீரோவில் கனமான சாமான்கள் கீழ்த்தட்டில், லேசானவை மேலே. குழந்தைகள் தட்டில் கால் வைத்து ஏறினால் பீரோ அப்படியே சாய்ந்துவிடும். சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்ற வீட்டு ஓனர் அம்மாவிடம் இதற்கு மட்டும் கெஞ்சி, சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டேன்.

* ஜன்னலில் கம்பி இல்லாவிட்டால் அதன் கீழே கட்டில், நாற்காலி எதுவும் போடாதீர்கள். ஏறிப் பார்க்காத பிள்ளை உண்டா?

* கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்தச் சட்டம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். முதல் வாரம் நான்தான் அதிகம் மறந்தேன்!

பேப்பர்காரரிடம் போனதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. "தப்பு என் மேலதாம்மா" என்று அவளிடம் சொன்னேன். பதில் ஏதும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து, பெட்டியைத் திறந்து புதிதாக ஒட்டிய வேப்பிலையை அவளாகவே என்னிடம் காட்டினாள்.

சண்டை அடியோடு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அக்கா தம்பி என்றால் அதுவும் இருக்கத்தானே செய்யும்? ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மேலே இருந்து அவள் கதை சொல்வதும், கீழே இருந்து அவன் "அப்புறம்?" என்பதும் எனக்குக் கேட்கிறது. தினமும் தரை துடைத்ததில் அந்தச் சாக்பீஸ் கோடு என்றோ அழிந்து போயிற்று. திரும்ப யாரும் கிழிக்கவில்லை.

கட்டில் வாங்கும் முன் அண்ணாந்து ஃபேனைப் பாருங்கள். அதோடு, 'என்னோடது' என்று சொல்லிக்கொள்ள உங்கள் பிள்ளைக்கு ஒரு சின்னப் பெட்டியாவது இருக்கிறதா என்றும் பாருங்களேன்!

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.