சந்திரகிரி அரண்மனையும் நம் நூலகச் சுவரும்

சென்ற மே மாதம் நம் சங்க அன்பர்கள் முப்பது பேர் திருப்பதியிலிருந்து ஒரு பஸ் பிடித்துச் சந்திரகிரிக் கோட்டைக்குப் போய்வந்தோம். வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். ராஜா மகாலுக்குள் நுழைந்ததும் கூட வந்த அம்மாள் ஒருவர், "என்ன சார், ஏ.சி. போட்ட மாதிரி இருக்கே, மெஷினை எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் கல்லும் காரையுமாகக் காலம் தள்ளியவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும். "சுவர்தான் அம்மா மெஷின்" என்றேன். அவர் நம்பவில்லை. ஆகவே விளக்கமாக எழுதுகிறேன்.

திருப்பதியிலிருந்து பாகாலா போகும் ரயில் பாதையில் இருக்கிறது சந்திரகிரி. 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு பெனுகொண்டாவுக்குப் போன விஜயநகர அரசு, இரண்டாம் வேங்கடர் காலத்தில் இங்கே வந்து அமர்ந்தது. மூன்று அடுக்குள்ள ராஜா மகாலில் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் நடக்கிறது. குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகண்டி முதலிய இடங்களில் கிடைத்த சிற்பங்கள் உள்ளே. புல்வெளியும் தோட்டமும் வெளியே.

இந்த மாளிகையில் மரமே கிடையாது. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை, அவ்வளவுதான். உத்தரம் போட வேண்டிய இடத்தில் வளைவுகளைக் கட்டி அதன்மேல் தளத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கரையான் பயமில்லை, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. குளிர்ச்சிக்குக் காரணம் சுவரின் பருமன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வெளி வெப்பம் உள்ளே வந்து சேரவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும். சுவர் அதைப் போல மூன்று நான்கு மடங்கு பருமனாக இருந்தால், நண்பகல் வெயில் உள்ளே எட்டுவதற்குள் ராத்திரிக் காற்று வந்து அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடும். மின்சாரச் செலவு ஒரு பைசா இல்லை.

அடுத்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைச் சுட 900 டிகிரி போதும். சிமெண்டுக்கு 1450 டிகிரி வேண்டும். சுடும்போது கல்லிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவில் பெரும் பகுதியைச் சுண்ணாம்புக் காரை பல வருடங்களில் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. சூளைக்கு எரித்த விறகின் புகை திரும்பி வராது, அது வேறு கணக்கு. தவிர, சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். காற்றில் ஈரம் ஏறினால் கொஞ்சம் உறிஞ்சும், உலர்ந்தால் விட்டுக்கொடுக்கும். அருங்காட்சியகத்துக்கு இதைவிட நல்ல வேலைக்காரன் யார்?

மேல்நாட்டு அருங்காட்சியகங்கள் வெகுகாலம் 20 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்று பிடிவாதமாக இருந்தன. அதற்கு ராப்பகலாக இயந்திரம் ஓட வேண்டும். கரண்டு பில்லைப் பார்த்தும், பூமி சூடேறுவதைப் பார்த்தும் அவர்களே மனம் மாறினார்கள். பெரிய அருங்காட்சியக இயக்குநர்கள் கூடும் பிஸோ குழு 2015-இல், பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வரையும், 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் வரையும் இருக்கலாம் என்று தளர்த்தியது. கருங்கல் சிலை இதற்கு மேலும் தாங்கும். வெண்கலத்துக்கு மட்டும் ஈரம் ஆகாது.

தோட்ட விஷயத்தில்தான் எனக்கு மனக்குறை. புல்வெளி கண்ணுக்கு அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்க் கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்குத் தினம் ஐந்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஒரு ஏக்கர் என்றால் இருபதாயிரம் லிட்டர். ராணி மகாலுக்குப் பின்னால் உள்ள பழைய கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் மனம் கேட்காது. அதே நிலத்தில் வேம்பும் புங்கும், சேஷாசல மலைக்கே உரிய செம்மரமும் வைத்தால், இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். எந்தப் பழங்கட்டடமானாலும் அஸ்திவாரத்தை ஒட்டி நீர் பாய்ச்சுவது இன்னொரு கெடுதல். சுவர் அந்த நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். ஈரம் காய்ந்த இடத்தில் உப்புப் பூக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீட்டர் கேஜ் காலத்துச் சின்னச் செங்கல் பாலம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. காரை உதிர்ந்த இணைப்புகளைப் பார்த்துவிட்டு, டிப்ளமோ படித்த தைரியத்தில் நல்ல கெட்டியான சிமெண்டால் பூசச் சொன்னேன். வயதான மேஸ்திரி, "சுண்ணாம்பே போடலாம் சார்" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. சிமெண்ட் அப்படியே நின்றது. செங்கலின் முகம் அப்பளம் போல உரிந்து விழுந்தது. "மூச்சை அடைச்சிட்டோம் சார்" என்றார் மேஸ்திரி. "அடைச்சிட்டீங்க" என்று சொல்லாதது அவர் பெருந்தன்மை.

இப்போது சொந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்க நூலகம் இருக்கும் பழைய வீடும் சுண்ணாம்புக் கட்டடம்தான். வடக்குச் சுவரில் ஈரம் ஏறி அலமாரிப் புத்தகங்கள் பூஞ்சை பிடிக்கின்றன. சிமெண்ட் பூசி ஏ.சி. வைத்துவிடலாம் என்று செயற்குழுவில் பேச்சு. புத்தகங்கள்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே தொட்டிச் செடிகளை வரிசையாக வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறோம். மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் உடைந்து அங்கேயே கொட்டுகிறது. சிமெண்ட் பூசினால் ஈரம் மறையுமே தவிரப் போகாது. பூச்சுக்குப் பின்னால் இன்னும் மேலே ஏறும்.

செடிகளை நகர்த்தி, குழாயை மாற்றி, சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு மண்ணைத் தோண்டி ஜல்லி நிரப்பி, ஒரு கோடை காய விடுவோம். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்போம். அதற்குப் பிறகும் ஈரம் இருந்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடலாம், ஏ.சி. பற்றி அப்புறம் யோசிப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடப்பாரையுடன் நான் அங்கே இருப்பேன். தொட்டி தூக்க நாலு இளைஞர்கள் வந்தால் போதும்.