கடல் இடப்பக்கம் இருக்கட்டும்

திருகோணமலையிலிருந்து அறுகம்குடா வரை கரையோரமாகக் காரில் போக ஆசை என்று வெளிநாட்டு உறவினர் யார் சொன்னாலும், நான் முதலில் கேட்பது எந்த மாதம் வருகிறீர்கள் என்றுதான். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை எங்கள் கிழக்கிலங்கைக்கு உரியது. கடல் கொந்தளிக்கும், வாவி நிரம்பும், தாழ்ந்த இடங்களில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் அடங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் காலி, மாத்தறைப் பக்கம் தென்மேல் பருவமழை. ஆகவே ஜூலை விடுமுறையில் வருகிறவர்களுக்கு எங்கள் கரை. டிசம்பரில் வருகிறவர்களைத் தெற்குக் கரைக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது திசை. வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள். இங்கே வாகனம் இடப்பக்கம் ஓடும். தெற்கு நோக்கிப் போனால் கடலும் இடப்பக்கம். மனம் சொன்ன இடத்தில், எதிரே வரும் பஸ்ஸைக் குறுக்கே வெட்டாமல் ஓரங்கட்டலாம். பின்னேர வெயில் வலப்பக்கத்திலிருந்து சாரதியின் முகத்தில் அடிக்கும் என்பதால், ஓட்டத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பதினொன்றுக்குள் நிழல் தேடிவிட வேண்டும். சாரதியோடு வான் பிடித்தால் அவருடைய சாப்பாட்டையும் படுக்கையையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். களைத்த சாரதியை வைத்துக்கொண்டு ஆறுதலான பயணம் போக முடியாது.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கிருந்து பொத்துவில் இன்னும் நூற்றுச் சொச்சம். "மாமா, விடியப் புறப்பட்டால் இருட்டுக்குள் முழுவதையும் முடிக்கலாமே" என்று மருமகன் ஒருவன் கேட்டான். முடிக்கலாம். ஆனால் போரின்போது நினைத்தபடி போய்வர முடியாமல் கிடந்த வீதி இது. இன்று யாரும் மறிக்காமல் போகலாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதைக் கண்ணாடி ஏற்றிவிட்டு, ஏசியில் உறங்கியபடி கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

திருகோணமலையில் இரண்டு இரவு தங்குங்கள். கோணேசர் கோயிலுக்கு அதிகாலையில், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வெயில் ஏறுமுன், நிலாவெளிக் கடலுக்கு எப்போது வேண்டுமானாலும். பிறகு கிண்ணியா. 2009இல் திறந்த 396 மீட்டர் பாலம் வருமுன் வாகனங்கள் மிதவைப் பாதையில் ஏறித்தான் அக்கரை சேரும். பெற்றோலை மூதூர்ப் பக்கத்திலேயே நிரப்பிவிடுங்கள்.

வெருகல் தாண்டி வாகரை வரும் துண்டுதான் இந்தப் பயணத்தின் உயிர். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி, நடுவில் பனையும் பற்றையும் மணலும். பனிச்சங்கேணிப் பாலத்தருகே வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கி நில்லுங்கள். வீச்சுவலைக்காரர் வலையின் ஓர் ஓரத்தைப் பல்லில் கடித்து, பாதியை முழங்கையில் மடித்துப் போட்டு, மீனின் சலனத்துக்காகக் காத்து நிற்பார். பிறகு இடுப்பு ஒரு திருப்பு. வலை விரிந்து, ஈயக் குண்டுகள் வட்டமாக ஒரே நேரத்தில் நீரைத் தொடும். வெறுமையாக வந்தால் பாசியை உதறிவிட்டு மறுபடி மடிப்பார். ஒரு மணிநேரம் போனது தெரியாது. பயணத் திட்டத்தில் அந்த ஒரு மணிநேரத்துக்கும் இடம் வையுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாசிக்குடாவில் தங்கலாம். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். மற்றவர்கள் நேரே மட்டக்களப்புக்கு வாருங்கள். கல்லடியில் 1924இல் கட்டிய இரும்புப் பாலம் இருக்கிறது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயர் அதற்கு. 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தபின் பழையதில் பின்னேரம் காலாற நடக்கலாம். வாவியில் மீன் பாடுவதைக் கேட்க விரும்புகிறவர்கள் பூரணை இரவில் தோணி பிடித்துப் போவார்கள். தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியைக் காதோடு சேர்த்துக் கேட்பது வழக்கம். காலையில் பிட்டு, மத்தியானம் சோற்றுக்குப் பிறகு சட்டித் தயிர். எருமைத் தயிருக்கு எங்கள் பக்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. கல்லடிக் கடலில் மட்டும் குளிக்க இறங்க வேண்டாம், அலை இழுக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் எடுத்துச் சென்ற உயிர்களுக்கு வழிநெடுக நினைவுத் தூண்கள் உண்டு. ஒன்றிலாவது நின்று பெயர்களை வாசித்துவிட்டுப் போங்கள்.

காத்தான்குடி, கல்முனை கடைத்தெரு நெரிசலுக்குள் மெதுவாக ஊர வேண்டியிருக்கும். நோன்பு மாதமென்றால் பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள். மருதமுனையில் கைத்தறிச் சேலை வாங்கலாம். நெய்கிற இடத்தையே பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

திருக்கோவிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலிலேயே நடக்கும். அந்த நாட்களில் அறைக்கு அலைய வேண்டாம், முன்பே சொல்லி வையுங்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்காரரும் இந்த வீதியால்தான் வருவார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்பட்டு, வாரக்கணக்கில் நடந்து, உகந்தமலையில் காட்டுக்குள் இறங்குகிறவர்கள். வேகத்தைக் குறையுங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தால் கொடுங்கள்.

அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்கு வருகிற உலகத்து இளைஞர்கள் எல்லாம் இருப்பார்கள். கற்றுக்கொடுக்கவும் ஆட்கள் உண்டு. அங்கே இரண்டு இரவு போதும். பாணமைக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். அதற்கு அப்பால் உகந்தை, குமண என்று காட்டுப்பக்கம். சின்னக் கார் வேண்டாம், ஜீப் பிடியுங்கள். திரும்பும்போது பொத்துவிலிலிருந்து லகுகலை, சியம்பலாண்டுவ வழியாக மொனராகலைக்கு ஏறலாம். லகுகலையில் யானை வீதியைக் கடக்கும். ஆகையால் அந்தத் துண்டை இருட்டில் வைத்துக்கொள்ளாமல், காலைத் தேத்தண்ணி குடித்து, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு புறப்படுங்கள்.